படம் மாட்டினால் பிம்பம் உடையாது

பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு விஞ்ஞானியை வரையச் சொன்னால் வெள்ளைக் கோட்டு, கண்ணாடி, கலைந்த தலைமுடி, கையில் புகையும் குடுவை சகிதம் ஓர் ஆணை வரைந்து நீட்டுவார்கள் என்பது கல்வியைப் பற்றிப் பேசுகிற எல்லோருக்கும் இன்று தெரிந்த செய்தி. அதற்கான மருந்தும் எல்லோருக்கும் தெரிந்ததே. வேறு முகங்களைக் காட்ட வேண்டும். மேரி கியூரிக்குப் பக்கத்தில் தாவரவியலாளர் ஜானகி அம்மாள், ஐன்ஸ்டைனுக்குப் பக்கத்தில் அப்துல் கலாம். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள் வந்தால் பேச்சுப் போட்டி, மாறுவேடப் போட்டி, வினாடி வினா. முடிவில் சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து, "உங்களில் ஒருவர்தான் நாளைய கலாம்" என்பார். கைதட்டல் எழும். பிள்ளைகளின் மனத்தில் இருந்த பழைய பிம்பம் உடைந்துவிட்டதாக நம்பி எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள்.

இந்த நம்பிக்கை தவறு என்பதே என் வாதம். முன்மாதிரிகளைக் காட்டினால் முன்முடிவு போய்விடும் என்ற கருத்து நல்ல மனத்தில் பிறந்தது. கல்வித்துறை, தொண்டு நிறுவனங்கள், பத்திரிகைகளின் சிறுவர் இணைப்புகள் என்று அனைவரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது. ஆனால் அது நோயையே தவறாகக் கணித்திருக்கிறது. கோட்டும் கண்ணாடியும் வெளிப்பூச்சு. விஞ்ஞானி என்பவர் பிறவியிலேயே வேறு வகை மனிதர், தனியாக உட்கார்ந்து யோசித்து, ஒரு நொடியில் உண்மையைக் கண்டு, உலகப் புகழ் அடைகிறவர் என்ற எண்ணம்தான் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்துகிறது. சுவரில் நாம் மாட்டும் படமும் அதற்குக் கீழே நின்று நாம் சொல்லும் கதையும் அந்த எண்ணத்தையே வளர்க்கின்றன. மொந்தை புதிது, கள் பழையது.

முதலில் அந்த ஓவியச் சோதனையையே எடுத்துக்கொள்வோம். டேவிட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் 1983-இல் வெளியிட்ட கட்டுரையில் 4,807 குழந்தைகளின் படங்களை ஆராய்ந்தார். 1966 முதல் 1977 வரை சேர்த்த படங்கள் அவை. அத்தனையிலும் பெண் விஞ்ஞானிகள் 28 பேர்தான். அந்த 28 படங்களையும் வரைந்தவர்கள் சிறுமிகள். ஒரு பையன்கூடப் பெண்ணை வரையவில்லை. 2018-இல் டேவிட் மில்லரும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுகளாக நடந்த 78 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 20,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் படங்கள். ஆரம்ப ஆண்டுகளில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லாத பெண் விஞ்ஞானி, 1980களுக்குப் பிந்தைய ஆய்வுகளில் சராசரியாக 28 சதவீதமாகியிருந்தார்.

படம் மாட்டுவோர் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, "பார்த்தீர்களா, மாறுகிறது!" என்பார்கள். அதே ஆய்வு சொல்லும் வேறொரு முடிவைப் பற்றிப் பேச மாட்டார்கள். ஐந்து, ஆறு வயதில் குழந்தைகள் ஆணையும் பெண்ணையும் ஏறத்தாழச் சரிபாதியாக வரைகிறார்கள். வயது ஏற ஏறத்தான் ஆண்கள் பெருகுகிறார்கள். கோட்டும் கண்ணாடியும்கூட வயதோடு சேர்ந்தே கூடுகின்றன. பள்ளியில் சேரும்போது இல்லாத பிம்பம் பள்ளியில் படிக்கும் ஆண்டுகளில்தான் வந்து ஒட்டிக்கொள்கிறது. அறிவியல் பாடமும் அறிவியல் நாளும் அறிஞர் படங்களும் கிடைக்கிற அதே ஆண்டுகளில். மருந்து கொடுக்கக் கொடுக்க நோய் கூடுகிறதென்றால் வைத்தியர் கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா?

அந்த 28 சதவீதம் வந்த வழியையும் பார்க்க வேண்டும். அதே காலத்தில் அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் பெண்களின் எண்ணிக்கையே பெருகியது. உலகம் மாறியது, படம் மாறியது. படத்தை மாற்றி உலகத்தை மாற்றிவிடலாம் என்பதற்கு அந்த ஆய்வில் சான்று இல்லை.

சோதனையிலேயே ஒரு சிக்கலும் உண்டு. பார்ப்பவருக்குப் புரிய வேண்டுமே என்றுதான் குழந்தை அடையாளங்களை வரைகிறது. சுடிதார் போட்ட ஒரு பெண் கணினி முன் உட்கார்ந்திருப்பதை வரைந்து கொடுத்தால், "இது யாரு?" என்று டீச்சரே கேட்பார். குடுவையைச் சேர்த்தால் கேள்வி எழாது. அந்தப் படத்தை மட்டும் வைத்துக் குழந்தை என்ன நம்புகிறது என்று தீர்ப்புச் சொல்வது அவசரம். அதைவிட மோசம், அதையே மதிப்பெண் பலகையாக்குவது. காலையில் பெண் விஞ்ஞானிகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு மாலையில் வரையச் சொன்னால் பிள்ளைகள் பெண்ணைத்தான் வரைவார்கள். நமக்கு என்ன விடை வேண்டும் என்று கண்டுபிடிப்பதில் பள்ளிப் பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை. அந்தத் திறமையைத்தான் ஆண்டு முழுவதும் அவர்களுக்குப் பயிற்றுவிக்கிறோம்.

கும்பிடுவது வேறு, அதுவாக ஆக விரும்புவது வேறு. இதை 1957-லேயே மானிடவியலாளர் மார்கரெட் மீட், ரோடா மெத்ரோவுடன் சேர்ந்து எழுதிக் காட்டிவிட்டார். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதிய ஏறத்தாழ 35,000 சிறு கட்டுரைகளை வைத்துச் செய்த ஆய்வு அது. விஞ்ஞானியைப் பற்றிப் பொதுவாகக் கேட்டபோது புகழ்மாலையாகவே வந்தது: மேதை, தன்னலமற்றவர், பணத்தைப் பாராமல் உழைப்பவர், மனிதகுலத்துக்காக வாழ்பவர். "நீ விஞ்ஞானி ஆவாயா, ஒரு விஞ்ஞானியைக் கல்யாணம் செய்துகொள்வாயா" என்று கேள்வி சொந்த வாழ்க்கைப் பக்கம் திரும்பியதும் பேச்சு மாறிவிட்டது. அந்த வாழ்க்கை தமக்கு வேண்டாம் என்றார்கள் பலர். மரியாதைக்கு அங்கே குறைவே இல்லை. அந்த மரியாதையின் உயரம்தான் அவர்களைத் தள்ளி நிறுத்தியது. நம் பள்ளிச் சுவர்கள் இன்றும் அந்த உயரத்தைத்தான் கூட்டிக்கொண்டிருக்கின்றன.

மேதைமைப் பேச்சு யாரை முதலில் வெளியேற்றுகிறது என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. லின் பியான், சாரா-ஜேன் லெஸ்லி, ஆந்த்ரே சிம்பியன் மூவரும் 2017-இல் வெளியிட்டது. "ரொம்ப ரொம்பப் புத்திசாலி" யார் என்று கேட்டால் ஐந்து வயதுச் சிறுமிகள் தம் பாலினத்தைத் தயங்காமல் சொன்னார்கள். ஆறு வயதுக்கு வந்ததும் அந்த உறுதி குறைந்துவிட்டது. பிறகு இரண்டு விளையாட்டுகளைக் காட்டினார்கள். ஒன்று ரொம்பப் புத்திசாலிகளுக்கானது என்றும், இன்னொன்று விடாமல் முயல்கிறவர்களுக்கானது என்றும் சொன்னார்கள். முதலாவதில் சிறுமிகளின் ஆர்வம் பையன்களைவிடக் குறைந்தது. இரண்டாவதில் அந்த வேறுபாடு இல்லை. பெரியவர்களின் உலகத்திலும் இதே கதைதான். தம் துறைக்குப் பிறவி மேதைமை வேண்டும் என்று அதில் இருப்பவர்கள் எவ்வளவு உறுதியாக நம்புகிறார்களோ, அவ்வளவுக்கு அத்துறையில் முனைவர் பட்டம் பெறும் பெண்கள் குறைவு என்று 2015-இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. கறுப்பினத்தவர் நிலையும் அதுவே.

இந்த வெளிச்சத்தில் நாம் சொல்லும் கதைகளைக் கேட்டுப் பாருங்கள். ராமன் கதை இப்படிப் போகும்: கப்பலில் போனார், கடல் நீலமாக இருந்தது, ஏன் என்று யோசித்தார், நோபல் பரிசு பெற்றார். கேட்கிற பிள்ளைக்கு இதில் செய்வதற்கு என்ன இருக்கிறது? கப்பல் ஏறலாம், கடலைப் பார்க்கலாம். யோசனை வந்தால் அதிர்ஷ்டம், வராவிட்டால் நீ ராமன் இல்லை.

நடந்தது வேறு. கப்பல் பயணம் 1921-இல். கண்டுபிடிப்பு 1928 பிப்ரவரி 28-இல். இடையில் கல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆறரை ஆண்டு வேலை நடந்தது. 1923-லேயே கே. ஆர். ராமநாதன் திரவத்தில் சிதறிய ஒளியில் எதிர்பாராத ஒரு மங்கலான ஒளியைக் கண்டார். திரவத்தில் அழுக்கு கலந்திருக்கும் என்று நினைத்து மறுபடி மறுபடி சுத்தம் செய்து பார்த்தார்கள். அது போகவில்லை. 1927-இல் வெங்கடேஸ்வரன் கிளிசரினில் அதையே கண்டார். 1928 தொடக்கத்தில் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் இருட்டறையில் உட்கார்ந்து திரவம் திரவமாகப் பார்த்தார். ஏறத்தாழ 60 திரவங்களில் அந்த ஒளியைக் கண்டதாக அறிவித்த கட்டுரையில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் உண்டு. கருவி வேலைக்குக் கழகத்தில் ஆஷுதோஷ் தே இருந்தார். ராமனோ, 1907 முதல் 1917 வரை நிதித்துறை அதிகாரியாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு, அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் இருந்த நேரத்தில் ஆராய்ச்சி செய்தவர்.

இந்தக் கதை ராமனைச் சிறுமைப்படுத்துகிறதா? இல்லை. விடாமல் அந்தக் கேள்வியைத் துரத்தியவரும், கண்டது என்ன என்று புரிந்துகொண்டவரும் அவர்தான். ஆனால் இதைக் கேட்கும் பிள்ளைக்கு உள்ளே நுழைய எத்தனை வழிகள்! திரவத்தைச் சுத்தம் செய்பவராக நுழையலாம், கருவி செய்பவராக நுழையலாம், "இது அழுக்கில்லை போலிருக்கிறதே" என்று சந்தேகப்படுபவராக நுழையலாம்.

கலாம் கதையும் இப்படித்தான் மெலிந்துபோயிருக்கிறது. ராமேஸ்வரம், செய்தித்தாள் போட்ட சிறுவன், கனவு, குடியரசுத் தலைவர் மாளிகை. நடுவில் இருந்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டைக் காணோம். 1979 ஆகஸ்ட் 10-இல் அது வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம். பத்திரிகையாளர்கள் முன் பொறுப்பேற்றுப் பேசியவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். அடுத்த ஆண்டு ஜூலை 18-இல் வெற்றி கிடைத்தபோது தவான் கலாமை முன்னால் பேசவிட்டார். கலாமே வாழ்நாள் முழுவதும் மேடைதோறும் சொல்லிவந்த நிகழ்ச்சி இது. தோல்விக்குக் காரணம் தேடியவர்கள், கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவைக் கண்டுபிடித்தவர்கள், ஓராண்டு உழைத்து அதைச் சரிசெய்தவர்கள் எல்லாம் அந்தக் கதைக்குள் இருக்கிறார்கள். நாம் கனவை மட்டும் எடுத்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டோம்.

இப்படிக் கதையை மாற்றிச் சொன்னால் பயன் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. நியூயார்க்கில் வசதி குறைந்த பகுதிப் பள்ளிகளின் ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் சியாதோங் லின்-சீக்லரும் குழுவினரும் செய்த ஆய்வு 2016-இல் வந்தது. ஐன்ஸ்டைன், மேரி கியூரி, ஃபாரடே மூவரின் சாதனைகளை மட்டும் படித்தவர்களைவிட, அவர்கள் பட்ட பாடுகளையும் தோல்விகளையும் படித்தவர்கள் அறிவியலில் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். படிப்பில் பின்தங்கியவர்களிடம் முன்னேற்றம் அதிகம் தெரிந்தது. அதே மூன்று பேர்தான், முகம் மாறவில்லை. கதை மாறியது.

"சரி, பெண் விஞ்ஞானிகளின் படங்களையாவது கூடுதலாக மாட்டலாமே" என்பார்கள். மாட்டுங்கள், தடுக்கவில்லை. ஆனால் எப்படி என்பதில் எச்சரிக்கை வேண்டும். டயானா பெட்ஸ், டெனிஸ் செகாக்வாப்டேவா இருவரும் 2012-இல் நடுநிலைப் பள்ளிச் சிறுமிகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். அறிவியலில் கெட்டிக்காரியாகவும், அதே நேரம் ஒப்பனை, இளஞ்சிவப்பு உடை என்று நளினமாகவும் இருக்கும் முன்மாதிரியைக் காட்டியபோது சிறுமிகளின் கணித ஆர்வம் குறைந்தது. அறிவியலில் முன்பே ஈடுபாடு இல்லாத சிறுமிகளைத்தான் அது அதிகம் தள்ளியது. இரண்டையும் ஒருசேரச் சாதிப்பது தம்மால் ஆகாது என்று அவர்களுக்குப் பட்டது. ஒரு தடையை நீக்கப் போய் இரண்டு தடைகளை நிறுத்திய கதை. அதே 2012-இல் ஐரோப்பிய ஆணையம் சிறுமிகளை அறிவியலுக்கு ஈர்க்கிறேன் என்று உதட்டுச் சாயமும் குதிகால் செருப்புமாக ஒரு காணொளியை வெளியிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றது.

நம் நாட்டிலும் அப்படி ஒரு படம் உண்டு. 2014 செப்டம்பர் 24, மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய நாள். பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்த பெண்கள் பெங்களூரில் ஒருவரையொருவர் வாழ்த்திச் சிரிக்கும் படம் உலகெங்கும் சுற்றியது. "இவர்கள்தான் விஞ்ஞானிகள்" என்று பகிர்ந்து மகிழ்ந்தோம். அவர்கள் நிர்வாகப் பணியாளர்கள் என்று இஸ்ரோ பிறகு விளக்கியது. அந்தத் திட்டத்தில் உழைத்த பெண் விஞ்ஞானிகள் அன்று கட்டுப்பாட்டு அறையில் வேலையில் இருந்தார்கள். அந்தப் படத்தைக் கொண்டாடிய நமக்கு அவர்கள் யார், என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆவல் இருந்ததா? புடவையும் பூவும் போதுமானதாக இருந்தன. கோட்டு போய்ப் புடவை வந்தது. வேலை அப்போதும் கண்ணில் படவில்லை.

இங்கே இன்னொரு உண்மையையும் நேராகப் பேச வேண்டும். நம் நாட்டுக் கல்லூரிகளின் அறிவியல் வகுப்புகளில் பெண்கள் பாதிக்கு அருகில் இருக்கிறார்கள். பல மேலை நாடுகளை இதில் நாம் முந்தியிருக்கிறோம். ஆனால் ஆய்வுப் பணியில் இருப்பவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான் பெண். ஆர்வம் இல்லாமல் போனவர்களா இவர்கள்? படித்து முடித்து வாசல்வரை வந்தவர்கள். வாசலில் என்ன நடக்கிறது என்பதை விட்டுவிட்டுப் பத்து வயதுப் பிள்ளையின் மனத்தைத் திருத்தக் கிளம்புவது, பழியைச் சிறியவர்கள் தலையில் போடும் வேலை. ஆணை வரைந்து கொடுக்கும் குழந்தை பல நேரங்களில் தான் கண்டதைச் சொல்கிறது. அதைப் பொய் சொல்லப் பழக்க வேண்டாம்.

அதனால் முன்மாதிரிகளின் கதையில் வாசலையும் சேர்த்துச் சொல்லுங்கள். கமலா சோஹோனி 1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேரப் போனபோது, பெண் என்பதால் இடம் தர மறுத்தவர் அதன் இயக்குநராக இருந்த அதே ராமன். சோஹோனி விடவில்லை. நிபந்தனைகளோடு சேர்க்கப்பட்டார், பிறகு கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த அன்னா மணி, ராமனின் ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்கில் வைரத்தின் ஒளியை ஆராய்ந்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று காரணம் காட்டி அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. இந்திய வானிலைத் துறையின் கருவிகளை உள்நாட்டிலேயே செய்யவைத்தவர் கடைசிவரை முனைவர் இல்லை.

சாதியும் அப்படியே. நம் அறிஞர் வரலாறுகள் எல்லாம் "ஏழைக் குடும்பத்தில் பிறந்து" என்று தொடங்கி அந்த இடத்தைச் சாமர்த்தியமாகத் தாண்டிவிடும். விண்மீன்களின் ஒளியைப் படிக்கச் சமன்பாடு தந்த மேகநாத் சாஹா, கல்கத்தா விடுதியில் மற்ற மாணவர்களோடு பந்தியில் உட்கார முடியாதவராக இருந்தார். வறுமை மட்டும் இதற்குக் காரணமில்லை. நம் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. நாம் சொல்லாமல் விட்டால், அந்தப் படத்தில் இருப்பவர் தன்னைப் போன்றவர் இல்லை என்றே அந்தப் பிள்ளை முடிவு செய்யும்.

சினிமாவையும் விட முடியாது. 'எந்திரன்' வசீகரன் பத்தாண்டு உழைப்பில் தாடி வளர்த்து, காதலியை மறந்து, தனி ஒருவராக ரோபோ செய்கிறார். இரண்டு உதவியாளர்கள் உண்டு, சிரிப்பு மூட்ட. '24' படத்தில் மலை மாளிகையின் ஆய்வகத்தில் ஒருவர் தனியாகக் காலக் கடிகாரம் செய்கிறார். உதவியாளர் என்றால் கோமாளி என்பது திரைக்கதையின் தேவை என்று விட்டுவிடலாம். பள்ளிச் சுவரும் அதே திரைக்கதையை எழுதுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

விஞ்ஞானி என்றால் ராக்கெட் என்று ஆகிவிட்டதும் இதன் தொடர்ச்சி. டெல்டாவில் ஏடிடி 43 நெல்லைத் தெரியாத விவசாயி உண்டா? கோ 86032 கரும்பை வெட்டாத ஆலைப் பகுதி உண்டா? முன்னது 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கியது. பின்னது 1912-இல் தொடங்கிய கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தினுடையது. ஜானகி அம்மாள் வேலை செய்த இடம் அதுதான். பயிரைப் பயிரோடு இணைத்து, விதை சேர்த்து, நட்டு, ஆயிரத்தில் ஒன்றைத் தேர்ந்து, மறுபடி நட்டு வருடக்கணக்கில் நடக்கும் வேலை அது. அதைச் செய்பவர்களில் பட்டதாரியும் உண்டு, வயலில் குனிந்து எண்ணுபவரும் உண்டு. தஞ்சாவூர்ப் பிள்ளைக்குச் சந்திரயானின் பாதை தெரிந்திருக்கிறது. தன் தட்டில் இருக்கும் சோற்றின் வரலாறு தெரியவில்லை.

மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பாருங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து, பாம்பின் வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டு, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். நாட்டில் பாம்புக்கடி மருந்து செய்யத் தேவையான நஞ்சில் பெரும்பகுதி இங்கிருந்து போகிறது. இச்சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் 2017-இல் ஃபுளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. மண்ணில் கிடக்கும் தடத்தைப் பார்த்து எந்தப் பாம்பு, எப்போது, எந்தப் பக்கம் போனது என்று ஊகித்து, தோண்டிச் சரிபார்க்கும் வேலையில் கவனிப்பும் கருதுகோளும் சோதனையும் இருக்கின்றன. அவர்களுக்கு விஞ்ஞானி என்று பட்டம் கட்டுவது என் நோக்கமில்லை. பட்டத்தை விட்டுவிட்டு வேலையைப் பார்க்கத் தொடங்கினால் அறிவியல் எத்தனை இடங்களில் கண்ணில் படுகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதற்கு ஓர் ஆய்வு ஆதாரமும் உண்டு. மார்ஜோரி ரோட்ஸும் சக ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்டது. சிறு குழந்தைகளிடம் "வாங்க, விஞ்ஞானிகளா ஆகலாம்" என்று சொல்லி ஒரு விளையாட்டைத் தொடங்கினார்கள். வேறு சில குழந்தைகளிடம் "வாங்க, அறிவியல் செய்யலாம்" என்றார்கள். செய்யலாம் என்று கேட்ட சிறுமிகள் கூடுதல் நேரம் விடாமல் ஈடுபட்டார்கள். ஆளாக ஆகச் சொன்னால், "நான் அந்த மாதிரி ஆளா?" என்ற கேள்வி எழுகிறது. செய்யச் சொன்னால் கை வேலையில் இறங்கிவிடுகிறது. "நாளைய கலாம் நீதான்" என்ற வாழ்த்து எந்தக் கேள்வியை எழுப்பும் என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் நம் பிள்ளைகள் பள்ளியில் அறிவியல் செய்கிறார்களா? பத்தாம் வகுப்பில் செய்முறைக்கு 25 மதிப்பெண். மேல்நிலையில் பியூரெட், பிப்பெட், உப்புப் பகுப்பாய்வு, ரெக்கார்டு நோட்டு. பெயரளவில் எல்லாம் இருக்கிறது. நடப்பது என்ன? புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணத் தனி ஊசலை ஆட்டும் முன்பே விடை 9.8 என்று எல்லோருக்கும் தெரியும். ரீடிங் அதற்கு ஒத்துவரவில்லை என்றால் ரீடிங்கைத் திருத்துவார்கள், சில இடங்களில் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு நிரப்புவார்கள். உப்பு எது என்று பக்கத்து மேசையிலிருந்து கிசுகிசு வந்துவிடும். ராமநாதனுக்குத் தெரிந்த அந்த மங்கலான ஒளி இந்த ஆய்வகத்தில் யார் கண்ணிலாவது பட்டிருந்தால் ரப்பரால் அழித்திருப்பார்கள். எதிர்பாராதது வந்தால் அது உன் தவறு என்று கற்பிக்கும் இடத்தில், பிழையே செய்யாத மேதைகள் மட்டும்தான் விஞ்ஞானிகளாக முடியும் என்று பிள்ளை நினைப்பதில் வியப்பென்ன?

மறுதரப்பின் வலுவான வாதம் ஒன்று மிச்சமிருக்கிறது. "கலாமைப் பார்த்து எத்தனை பேர் இந்தத் துறைக்கு வந்தார்கள் தெரியுமா? கிராமத்துப் பிள்ளைக்குக் கனவு வேண்டாமா?" வந்தவர்கள் உண்டு, மறுக்க முடியாது. ஆனால் வந்தவர்களைத்தான் நாம் மேடையில் பார்க்கிறோம். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இது நமக்கு ஆகிற காரியம் இல்லை" என்று பேசாமல் திரும்பிய பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. கலாமின் ஈர்ப்பு எங்கே இருந்தது என்றும் யோசிக்க வேண்டும். அவர் சுவரில் தொங்கவில்லை. பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொல்லி, நின்று பதில் சொன்னார். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ஆதித்யா-எல்1 திட்டத்தை நடத்திய நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர் என்று சொல்வது நல்லதே. ஊர்ப்பெயரோடு நிறுத்தாமல், காலையில் அலுவலகம் போனால் அவர்கள் என்ன செய்கிறார்கள், எதில் தடுமாறினார்கள், யாரிடம் சந்தேகம் கேட்டார்கள் என்பதுவரை சொன்னால்தான் அது அறிவியலைப் பற்றிய பேச்சாகும்.

மாற்று வழிகளை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, தம் ஊரின் சிக்கல் ஒன்றை எடுத்து, தாய்மொழியிலேயே ஆய்வு செய்கிறார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதைப் பல ஆண்டுகளாகத் தோளில் சுமக்கிறது. 2015 முதல் பொங்கல் நாள்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் ஒரு பள்ளி மாணவி தன் ஊர்க் கண்மாயில் எண்ணும் நாரைகள், பறவையியலாளர்கள் பயன்படுத்தும் தரவுத் தொகுப்பில் சேர்கின்றன. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளின் நடுநிலை வகுப்புகளுக்குச் சோதனைப் பொருள்களையும் கருத்தாளர்களையும் கொண்டுபோகிறது. இவற்றில் எதிலும் பிள்ளையிடம், "நீ யாராக வேண்டும்?" என்று கேட்பதில்லை. "என்ன பார்த்தாய், எப்படித் தெரியும், இன்னொரு முறை எண்ணினாயா?" என்று கேட்கிறார்கள்.

இவை ஏன் ஓரத்தில் நிற்கின்றன, படங்கள் ஏன் நடுச்சுவரில் இருக்கின்றன? காரணம் எளிது. படம் மலிவு. ஒரு ஃப்ளெக்ஸ், ஒரு சிறப்பு விருந்தினர், ஒரு பொன்னாடையோடு அறிவியல் நாள் முடிந்துவிடும். அறிவியல் செய்யவைக்கச் செலவாகும். பூட்டிக் கிடக்கும் ஆய்வகத்தைத் திறக்க வேண்டும். ஆய்வக உதவியாளர் பணியிடம் காலியாக இருந்தால் நிரப்ப வேண்டும். விடை தெரியாத ஒரு கேள்வியோடு பிள்ளைகள் மூன்று வாரம் மல்லுக்கட்ட ஆசிரியருக்கு நேரம் தர வேண்டும், அந்த மூன்று வாரத்தில் பாடத்தை முடிக்கவில்லை என்று யாரும் அவர் கழுத்தைப் பிடிக்கக் கூடாது. 9.8 வராத ரெக்கார்டு நோட்டுக்கும், ஏன் வரவில்லை என்று ஒழுங்காக எழுதியிருந்தால், முழு மதிப்பெண் தரத் தேர்வுத்துறை தயாராக வேண்டும். ஆய்வு நிறுவனங்கள் தம் இயக்குநரை ஆண்டுக்கொரு முறை மேடைக்கு அனுப்புவதற்குப் பதிலாக, ஓர் ஆய்வு மாணவியையும் ஒரு தொழில்நுட்பப் பணியாளரையும் ஒரே பள்ளிக்கு மாதம் ஒருமுறை அனுப்ப வேண்டும். அதோடு, அந்த ஆய்வு மாணவி படித்து முடித்ததும் அவருக்குத் தம் நிறுவனத்தில் வேலை இருக்கிறதா என்ற கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

விஞ்ஞானி யார் என்பதைப் பற்றிப் பிள்ளைகள் மறுபடி யோசிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் முதலில் இந்தப் பட்டியலுக்குப் பதில் சொல்லட்டும். பணமும் நேரமும் பதவியும் கையில் வைத்திருப்பவர்கள் எதையும் மாற்றிக்கொள்ளாமல், பிள்ளைகள் மட்டும் எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அது நடக்கப் போவதும் இல்லை.